பழைய யூனிட்டும் புதுக் குடித்தனமும்

வாலே பேராண்டி, வா. அந்தப் பக்கம் இல்லே, இந்தப் பக்கம் உக்காரு. இடது காது எனக்குக் கண்ணாடி மாட்டுறதுக்குத்தான் ஆகும். நாப்பது வருசம் ரேடியோ செட்டுக் குழாய்க்கு அடியில நின்னவனுக்கு ஒத்தக் காதாவது மிஞ்சுனது குலசாமி புண்ணியம்.

பையில என்ன? கோவில்பட்டி பஸ்ஸ்டாண்டைத் தாண்டித்தானே வந்தே? கடலைமிட்டாய் வருதுன்னு நாக்கைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ ரெண்டு செத்த ஹெட்போனை எடுத்துத் திண்ணையில பரத்துதே. பல்லு இல்லேன்னாலும் சப்பித் திங்கத் தெரியும்லே எனக்கு.

சரி, நோயாளிக கதையைச் சொல்லு. ம்... ஒண்ணு ஒயர் வச்சது. நீ காலேஜ் சேந்தப்ப உங்கப்பன் வாங்கிக் குடுத்தது. தலைவளையம் கீல் பக்கம் முறிஞ்சு ரெண்டா நிக்கி. இன்னொண்ணு ஒயரில்லாதது. தள்ளுபடியில நீயே புடிச்சது. வலது பக்கம் பாடுது, இடது பக்கம் மௌன விரதம். அதனால முறிஞ்சதுக்குள்ள இருக்க டிரைவர் ரெண்டையும் உருவி, ஒயரில்லாததுக்குள்ள குடிவச்சிருவே. பழைய சத்தம், புதுச் சொகுசு, காலணா செலவில்லே. பிரமாதமான யோசனை. உங்க ஆச்சியும் இப்பிடித்தான், நேத்துச் சாம்பாரையும் முந்தாநாள் ரசத்தையும் ஒண்ணா ஊத்திக் கொதிக்க வச்சு, புதுக் கொழம்புன்னு பேரு வச்சு எனக்கு ஊத்துவா. அதையும் நான் பிரமாதம்னுதான் சொல்லுவேன்.

எங்க, அந்த ஒயரில்லாததைக் குடு. உன் போன்ல ஏதாவது ஒரு பாட்டைப் போடு. இடது கிண்ணத்தை என் வலது காதுல வைக்கேன். சத்தமில்லே, வாஸ்தவந்தான். இந்தக் கீலை இப்பிடி மடக்கி, இப்பிடி நிமித்தி... ம். சரி சரி, நிறுத்து. எதுக்குச் சிரிக்கேன்னு கேக்காதே. வயசான கட்டைக்கு அப்பப்பச் சும்மா சிரிப்பு வரும்.

இப்ப ஒரு காரியம் செய்யி. போனை உள்ள கொண்டுபோய்ச் சார்ஜ்ல போடு. வரும்போது அந்தச் சுவர்க் கடிகாரத்துல இருக்க செல்லைக் கழட்டிக் கொண்டா. 1.5 வோல்ட் செல்லு, நமக்கு வேணும். கடிகாரம் செத்த நேரம் நிக்கட்டும், ஓடி மட்டும் என்னத்தைக் கிழிச்சுது?

*

டிரைவர் டிரைவர்னு நீ சொல்லும்போது லாரி டிரைவரைத்தான் சொல்லுதேன்னு நெனச்சேன். எங்க தொழில்ல அதுக்குப் பேரு யூனிட்டு. குழாய்க்குப் பின்னாடி குண்டா ஒண்ணு திருகியிருக்கும்லா, அதுதான். உன்னோடது கைக்குழந்தை, எங்களோடது கோயில்காளை. ஆனா கொடலைக் கிழிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே பிறவி. ஒரு காந்தம். அதோட இடுக்குல தலைமயிரு கணக்கா சன்னமான கம்பியைச் சுத்துன ஒரு காயில். காயிலோட ஒட்டுன ஒரு சவ்வு. கரண்டு வந்து போக வந்து போக, காயில் முன்னும் பின்னும் துடிக்கும், சவ்வு காத்தைத் தட்டும், அது உன் காதைத் தட்டும். அவ்வளவுதான் சங்கதி.

இந்தக் காதுக்கருவியோட பூர்வீகமே அடுப்படிதான், தெரியுமா? 1910-ல அமெரிக்காவுல, யூட்டாப் பக்கம், நதானியேல் பால்டுவின்னு ஒரு ஆளு வீட்டு அடுப்படியில உக்காந்து காதுக்கருவி செஞ்சு அந்த நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். படைக்காரனுக்குப் பிடிச்சுப் போய் மொத்தமாக் கேட்டா, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல முடியாதுன்னாராம். அடுப்படியில எடம் வேணும்லா! நானும் ஒருநா உங்க ஆச்சி அடுப்படியில சால்டர் பத்தவச்சேன். எனக்கு ஆர்டர் வரலே, வேற ஒண்ணு வந்துச்சு. அந்தத் தோசைக்கரண்டி இப்பவும் வளைஞ்சுதான் இருக்கு.

பால்டுவின் செஞ்சது வேற வகை. உன் கையில இருக்க காயில் வகையைத் தலையில மாட்டுற மாதிரி 1937-ல பெர்லின்ல ஆய்கன் பையர் கொண்டுவந்தார். 1958-ல அமெரிக்காவுல ஜான் காஸ், பாட்டை ரெண்டு காதுக்கும் தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கிற ஸ்டீரியோ ஹெட்போனை வித்தார். 1979-ல வாக்மேன் வந்ததும் சவம், ஊரே தலையில வளையத்தோட அலைஞ்சுது. 1982-ல ஜப்பான்ல மசாட்டோ சகாவா நியோடிமியம் காந்தம் கண்டுபிடிச்சார் பாரு, அதுக்குப் பெறவு பொட்டு அகலக் காந்தம் பெரிய காந்தத்தோட வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டு. எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காதே. பஞ்சர் ஒட்டுதவன் டயரைப் பத்திப் பேசத்தான் செய்வான்.

இதை ஏன் சொல்லுதேன்னா, இந்த யூனிட்டு லேசுல சாகாது. ஹெட்போன்ல மொதச் சாவு ஒயருக்கு, அதுவும் ஜாக் கிட்ட. ரெண்டாவது கீலுக்கு. மூணாவது காதுப் பஞ்சோட மேல்தோலு, முருங்கைக் காயாட்டம் உரியும். ஒயரில்லாத வகையில பேட்டரிக்கும் வரிசையில எடம் உண்டு. யூனிட்டு பாவம் கடைசி வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும். வீட்டுல உழைக்கிற கெழவன் மாதிரி. அவனைத்தான் எல்லாரும் மொதல்ல சந்தேகப்படுவாங்க.

செல்லு கொண்டாந்தியா? இந்தா, ரெண்டு துண்டு ஒயரு. முறிஞ்ச ஹெட்போன்ல காதுப் பஞ்சை உருவு, கீழ திருகாணி இருக்கும், கழட்டு. ஆச்சா? செல்லோட ரெண்டு முனையில இருந்தும் யூனிட்டோட ரெண்டு காதுலயும் தொட்டு எடு. தொட்டு எடுன்னுதான் சொன்னேன், புடிச்சுக்கிட்டு நிக்காதே. அது காயில், மாட்டுக் கொம்பில்லே.

டக்குனு கேட்டுச்சா? உயிர் இருக்கு. இன்னொண்ணு? அதுலயும் டக்கு. சத்தம் சுத்தமா இருக்கணும். கரகரன்னு உரசுனா காயில் இடுக்குல ஒட்டுதுன்னு அர்த்தம், அது தேறாது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பன் கஞ்சனா இருந்தாலும் நல்ல பொருளாத்தான் வாங்கியிருக்கான்.

*

அடுத்தது ஓம்ஸ். இதைக் கேக்காமச் சம்பந்தம் பண்ணுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். 1978, பங்குனிப் பொங்கல். எனக்கு அப்பத்தான் மீசை சரியா ஒதுங்குன வயசு. எங்க செட்டுக்காரரு சாப்புடப் போயிருந்தாரு. தூரத்துல ஒரு குழாய் பாடலே. யூனிட்டை மாத்துனேன். புது யூனிட்டு 16 ஓம்ஸ். எங்க லைன் 100 வோல்ட் லைன். நடுவுல லைன் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் யூனிட்டுக்குக் குடுக்கணும். நான் அதைப் போடாம நேராச் சொருகிட்டேன். வில்லுப்பாட்டுக்காரரு தொண்டையைத் தெறந்ததும் குழாய்ல இருந்து பாட்டு வரலே, புகை வந்துச்சு. கூட்டத்துல ஒரு பெரியவரு சாம்பிராணின்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. எனக்கு அன்னைக்குச் சம்பளம் இல்லே. ஆசி மட்டும் கொள்ள கெடச்சுது.

அதனால மல்டிமீட்டரை எடு. யூனிட்டு முனையில வை. 30 சொச்சம் காட்டுதா? அப்ப அது 32 ஓம்ஸ் வகை. வீட்டு ஹெட்போன்ல நெறைய இதுதான். ஒயரில்லாததோட பழைய யூனிட்டும் அதே கணக்கா இருந்தா சம்பந்தம் பேசலாம். ஸ்டுடியோக்காரன் போடுற 250 ஓம்ஸ், 600 ஓம்ஸ்னு பெரிய குடும்பமும் உண்டு. அந்த 250-ஐக் கொண்டுவந்து இந்தப் பொடிப் பேட்டரியில ஓடுற சர்க்யூட் பலகையில கட்டுனேன்னு வையி, அதே வோல்ட்டுக்கு எட்டுல ஒரு பங்கு சக்திதான் போகும். அரை குதிரை மோட்டாரை வச்சு நூறடிக் கெணத்துல தண்ணி எறைக்கிற கதை. சத்தம் வரும், வர்றது காணாது. 16 ஓம்ஸைக் கட்டுனா எதிர்ப்பக்கத் தொல்லை. ரெண்டு மடங்கு கரண்டு கேக்கும். பேட்டரி இளைக்கும், பலகை மூச்சு வாங்கும்.

அப்புறம் இன்னொண்ணு. இடது மட்டும்தானே செத்திருக்கு, ஒத்த யூனிட்டை மாத்துனாப் போதும்னு ஒரு சோம்பேறி யோசனை உனக்கு வரும். வரும்லே, உன் தாத்தனுக்கே வந்திருக்கு. காங்கேயத்துக் காளையையும் கன்னுக்குட்டியையும் ஒரே நுகத்தடியில பூட்டுனா ஏரு நேராப் போகுமா? ஒரு காதுல கும்முனும் ஒரு காதுல கீச்சுனும் கேட்டுக்கிட்டே அலைவே, தலை ஒரு பக்கம் சாயும். மாத்துனா ஜோடியா மாத்து.

*

இனி ஒயரில்லாததைத் தெறக்கணும். தெறக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேரைச் சொல்லி வைக்கேன். லித்தியம் பேட்டரி. வெள்ளிக் காகிதத்துல சுத்துன அல்வாத் துண்டாட்டம் ஒரு கிண்ணத்துல கெடக்கும். நெறைஞ்சிருந்தா 4.2 வோல்ட். பாக்கச் சாது. திருப்புளி நுனி குத்துச்சுன்னா, இல்லே ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சுன்னா, மேலத்தெரு மாசிக் கொடை வாணவேடிக்கையை நம்ம வீட்டுலயே பாத்துக்கிடலாம். மொத வேலை, பேட்டரிச் சொருகியைக் கழட்டிட்டுப் பெறகு சால்டரைத் தொடு. சொருகி இல்லாம நேராப் பத்த வச்சிருந்தா, ஒரு நேரத்துல ஒரு ஒயரை மட்டும் எடு, எடுத்த முனையில டேப்பைச் சுத்து. ரெண்டையும் ஒரே வெட்டா வெட்டுனேன்னா அந்த வெட்டுக்கத்தி வழியாவே அது ஷார்ட் ஆகும். உப்பியிருக்க பேட்டரியை அமுக்கி நேராக்கப் பாக்காதே. அது உங்க பெரியப்பன் வயிறில்லே.

பலகையில இருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெண்டு ரெண்டு ஒயர் போகும். இங்கதான் படிச்சவனெல்லாம் குப்புற விழுதான். உன் பழைய ஒயர் ஹெட்போன்ல, ஜாக்குல மூணு வளையம்தான். இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு. கூட்டுக் குடும்பம், பொதுக் கெணறு. ஒயரில்லாத பலகை பெரும்பாலும் அப்பிடி இல்லே. பாகம் பிரிச்சாச்சு. இடதோட பிளஸ் மைனஸ் ரெண்டும் இடதுக்கு மட்டும், வலதோடது வலதுக்கு மட்டும். ரெண்டு மைனஸ் ஒயரும் ரெண்டு பக்கமும் துடிச்சுக்கிட்டு இருக்கும். பழைய பழக்கத்துல, மைனஸெல்லாம் ஒண்ணுதானேன்னு ரெண்டையும் முறுக்கி விட்டேன்னா, பாகம் பிரிச்ச பங்காளியைத் திரும்ப ஒரே அடுப்புல ஒக்கார வச்ச மாதிரி. சிப்பு செத்துப்போகும். நாலு ஒயரும் நாலாவே இருக்கட்டும்.

சால்டர் வைக்கிறதைச் சொல்லுதேன், கேளு. யூனிட்டுல இருக்கது காந்தம். சால்டர் அயர்ன் நுனியில இருக்கது இரும்புப் பூச்சு. கிட்டக் கொண்டுபோனதும் அது வெடுக்குன்னு இழுக்கும். கை நடுங்குற என்னையே ஒருநா இழுத்துக்கிட்டுப் போயி, அந்தப் பொடிச் சவ்வுல பொத்தல் போட்டுட்டு. நல்ல யூனிட்டு. டக்கு டக்குன்னு பேசிக்கிட்டிருந்துச்சு, புஸ்ஸுனு போச்சு. அதனால சவ்வைத் தரைப் பக்கம் வச்சு, யூனிட்டைக் களிமண்ணுல பதிச்சுக்கோ. கையை எங்கயாவது ஊணிக்கோ. தொட்டு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள எடுத்துரு. அதுக்கு மேல காட்டுனா முனை நிக்கிற பிளாஸ்டிக் எளகும். அதோட சேந்திருக்க காயில் கம்பி அறுந்துச்சுன்னா தட்டானைக் கூப்பிட்டாலும் ஒட்டாது. மேசையில இரும்புத்தூளு இருந்தா மொதல்ல தொடை. காந்தத்துக்கு இரும்புத்தூள்னா, கல்யாண வீட்டுல பாயசம் கண்ட நம்ம கீழவீட்டு மாமா மாதிரி. ஒண்ணும் மிச்சம் வைக்காது, உள்ள போனா வெளிய வராது.

பழைய ஹெட்போனோட ஒயரையே வெட்டி மறுபடி பயன்படுத்தலாம்னு பாக்கியா? உரிச்சுப் பாரு, செம்பும் பச்சையும் செவப்புமா பட்டு நூல் கணக்கா மின்னும். அது சாயமில்லே, இனாமல் பூச்சு. அந்தப் பூச்சை எரிக்காம எம்புட்டு ஈயம் வச்சாலும் தாமரை எலையில தண்ணிதான். நுனியில சால்டரை உருட்டிப் பூச்சைப் பொசுக்கிட்டுப் பத்தவை. நடுவுல நைலான் நூலும் ஓடும், அதை ஒதுக்கிரு.

பிளஸ்ஸும் மைனஸும் மாறாமப் பாத்துக்கோ. ஒரு பக்கம் மாறிப் போச்சுன்னா ஒரு சவ்வு முன்னுக்கு வரும்போது இன்னொண்ணு பின்னுக்குப் போகும். ஒண்ணும் வெடிக்காது, புகையாது, ரெண்டும் பாடும். அதுதான் தொல்லை. தவிலோட கும்மு செத்துப்போகும். பாடுறவன் நடு நெத்தியில நின்னு பாடாம, எங்கயோ பொடனிப் பக்கம் காணாமப் போயிருவான். நீ யூனிட்டைத் திட்டுவே, பலகையைத் திட்டுவே, கடைசியில இசையமைப்பாளரையே திட்டுவே. தப்பு ரெண்டு ஒயர்ல இருக்கும். செல்லைத் தொட்டு வெளக்கு வெளிச்சத்துல பாரு. ரெண்டு சவ்வும் ஒரே தெசையில நகரணும். கண்ணுக்குப் புடிபடலேன்னா, ஒரு பக்க ஒயரை மட்டும் மாத்தி மாத்திக் கேளு. எதுல கும்முனு வருதோ அது சரி.

*

இம்புட்டும் சரியாச் செஞ்சுட்டே. அளவும் பொருந்துது, அது 40 மில்லிமீட்டர், இதுவும் 40 மில்லிமீட்டர். மாட்டிட்டே. பாட்டுப் போடுதே. மூஞ்சி விழுந்துரும். "தாத்தா, பழைய ஹெட்போன்ல கேட்ட சத்தம் இல்லையே"ன்னு ஓடி வருவே.

அதுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிருதேன். உள்ள ஓட்டுக்குப் பக்கத்துல ஒரு குழாய் கெடக்கு பாரு, துருப்புடிச்சது. அதுல மாட்டுன யூனிட்டு மூணு ஊருக்குக் கேக்கும். அதே யூனிட்டைக் குழாய்ல இருந்து திருகிக் கழட்டி, அதே சத்தத்துல பாட விடு. கொசு அழுத மாதிரி கேக்கும். யூனிட்டும் அதே, கரண்டும் அதே. காத்தைக் கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போக ஆளில்லே, அவ்வளவுதான். 40 வருசம் ஊரெல்லாம் என்னைத்தான் நல்ல யூனிட்டு வச்சிருக்கவன்னு புகழ்ந்துச்சு. குழாயை ஒருத்தனும் புகழ்ந்ததில்லே. நானும் திருத்துனதில்லே.

ஹெட்போனும் அப்பிடித்தான். அந்தக் கிண்ணத்துக்குள்ள இருக்க காத்தும் பாடுது. யூனிட்டோட முதுகுல பொடிப் பொடி ஓட்டை இருக்கும், அது மேல சன்னமா ஒரு காகிதம். குப்பைன்னு உரிச்சுராதே. காத்து எம்புட்டு வேகமாப் போகணும் வரணும்னு மடை தெறக்கிற நீர்கட்டியே அதுதான். கிண்ணத்துல ஒரு ஓட்டையோ ரெண்டோ வேணும்னே விட்டிருப்பான். காதுப் பஞ்சு காதோட ஒட்டி உக்காரலேன்னா அடிச் சத்தமெல்லாம் இடுக்கு வழியா ஓடிரும். யூனிட்டைச் சுத்தி நீ ஒட்டுற எடத்துல ஊசி எடம் ஒழுகுனாலும் அதே கதிதான். யூனிட்டு போற வீடு வேற, வீட்டோட காத்து வேற.

அந்த வீட்டுல ஒரு மாமியாரும் உண்டு. சிப்பு. அங்க மொதல்ல இருந்த யூனிட்டுக்கு எங்க உப்புக் கொறையும், எங்க உறைப்புக் கூடும்னு பாத்து, கம்பெனிக்காரன் அதுக்குள்ள பக்குவம் எழுதி வச்சிருப்பான். கட்டைச் சத்தம் கம்மியா வர்ற யூனிட்டுன்னா அதைத் தூக்கி விட்டிருப்பான். நீ கொண்டு போறது இயல்பாவே கட்டையாப் பாடுற யூனிட்டு. மாமியாருக்கு மருமக மாறுனது தெரியாது. உப்பு போட்ட கொழம்புல அவ மறுபடியும் உப்புப் போடுவா. போன்ல ஈக்வலைசர்னு ஒண்ணு இருக்காமே, அதுல கொஞ்சம் எறக்கி ஏத்திச் சமாளிக்கலாம். வெளிச் சத்தத்தை அமுக்குற வித்தை உள்ள வகைன்னா கையே வைக்காதே. உள்ள ஒரு மைக்கை வச்சு, யூனிட்டு பாடுறதை அது கேட்டு, அதுக்கு ஏத்த மாதிரி எதிர்ச்சத்தம் போட்டுக்கிட்டிருக்கும். யூனிட்டு மாறுனாக் கணக்குத் தவறி ஊளை விட்டாலும் விடும். கோயில் செட்டுல மைக்கைக் குழாய் முன்னாடி காட்டுனா வருமே, அந்த ஊளைதான்.

அப்புறம் இந்த ஒயரில்லாத சொகுசு. ப்ளூடூத்துங்கிற அதோட பேரே ஒரு ராசாவோட பல்லு. டென்மார்க்கை ஒரு ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஆண்ட ஹரால்டு ராசாவுக்கு நீலப்பல்லன்னு பட்டப்பேரு. நம்ம ஊர்ல ஒருத்தனுக்கு இப்பிடிப் பேரு வச்சாச் சண்டைக்கு வருவான், அவங்க அதையே கம்பெனி முத்திரையா வச்சுட்டாங்க. 2016-ல ஐபோன் 7-ல ஹெட்போன் ஓட்டையை அடைச்சாங்கல்லா, அதுக்குப் பெறவு போனெல்லாம் ஒவ்வொண்ணா ஓட்டையை அடைச்சுக்கிட்டு நீலப்பல்லனைக் கும்புட ஆரம்பிச்சுட்டு. பாட்டை அவன் முழுசா அனுப்ப மாட்டான். நெல்லைக் குத்தி, காதுக்குத் தெரியாதுன்னு தோணுற உமியையும் தவிட்டையும் ஊருலயே விட்டுட்டு, அரிசியை மட்டும் மூட்டை கட்டி அனுப்புவான். குத்துறது நல்லா இருந்தா உனக்கு வித்தியாசம் தெரியாது. மோசமா இருந்தா நொய்யும் கலந்து வரும். அதுக்கும் யூனிட்டுக்கும் சம்பந்தமில்லே. அதையும் யூனிட்டு தலையிலதான் போடுவே நீ.

*

அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்கன்னு மூக்கைச் சுருக்காதே. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. நல்லாப் பாடுற குழாயையும் யூனிட்டையும் பிரிக்க மாட்டோம். கரண்டைத்தான் அது இருக்க எடத்துக்கு இழுத்துட்டுப் போவோம். உங்கப்பன் வாங்குன ஹெட்போன் யூனிட்டுக்கும் கிண்ணத்துக்கும் பல வருசப் பழக்கம். முறிஞ்சது வெறும் வளையம். சைக்கிள் போக்ஸ் கம்பியில ரெண்டு துண்டு வெட்டி, முறிவுக்கு ரெண்டு பக்கமும் சிம்பு வச்சு, நூலைச் சுத்திப் பசையை ஊத்து. கை முறிஞ்சவனுக்குக் கட்டுப் போடுவாங்க, தலையை மாத்த மாட்டாங்க. ஒயரில்லாமக் கேக்கணுமா, சில நூறு ரூவாயில தீப்பெட்டி அளவுல ப்ளூடூத் ரிசீவர் விக்கான். அதுல ஹெட்போன் ஓட்டை இருக்கும். ஹெட்போன் ஜாக்கை அதுல சொருகிச் சட்டைப் பையில போட்டுக்கோ. நாளைக்குப் பேட்டரி செத்தா அந்தத் தீப்பெட்டி சாகும், யூனிட்டு சாகாது.

சத்தத்தை மட்டும் அடக்கி வையி. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குப் போட்டிருக்கு. பெரியாளுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம், அதோட போதும்னு. எங்க காலத்துல கணக்குப் போட ஆளில்லே. 2000-த்துல அரசாங்கம் சத்த விதி கொண்டாந்து, ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் குழாயைக் கட்டிப் போட்டப்ப எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இப்ப நீ எந்தப் பக்கம் உக்காரணும்னு பாத்து உக்கார வைக்கேன் பாரு, அந்த விதி அம்பது வருசம் முன்னாடி வந்திருக்கணும்.

என்ன, மொகம் வாடிப்போச்சு? அப்ப ஒயரில்லாதது குப்பைக்குத்தானான்னு கேக்கியா?

அதை இங்ஙன கொண்டா. இடது கிண்ணத்தைத் தெற. பேட்டரிச் சொருகியைக் கழட்டிட்டியா? சபாஷ், கேட்டதுல பாதியாவது காதுல ஏறியிருக்கு. யூனிட்டுல பத்தியிருக்க ஒயர் ஒண்ணை மட்டும் எடுத்துட்டு, செல்லைத் தொடு.

டக்கு.

ஆமாலே. சாகலே. செத்தது யூனிட்டு இல்லே. பொத்தானும் பலகையும் வலது கிண்ணத்துல இருக்கு. இடதுக்குப் பாட்டு, தலைவளையத்துக்குள்ள ஒயர் வழியாப் போகணும். நீ மடக்கி நிமித்தி மடக்கி நிமித்திப் பையில திணிச்சுத் திணிச்சு, கீல்கிட்ட அந்த ஒயர் உள்ளயே அறுந்து, தோலு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கி. நீ வந்ததும் கீலை மடக்கிப் பாத்தேன்லா? அப்பவே கர்ர்ன்னு ஒரு நொடி பாடுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன். ஒரு சாண் சன்ன ஒயர், நாலு சொட்டு ஈயம், வேலை முடிஞ்சுது. யாரும் குடி மாற வேண்டாம்.

ஏன் மொதல்லயே சொல்லலேன்னா கேக்கே? மொதல்லயே சொல்லியிருந்தா, "அப்பிடியா தாத்தா, சரி தாத்தா"ன்னு அடுத்த பஸ்ஸுக்கு ஓடியிருப்பே. போன மாசம் வந்தப்ப எம்புட்டு நேரம் இருந்தே? செருப்பைக்கூடக் கழட்டலே.

சரி, அந்தச் செல்லைக் கடிகாரத்துல திரும்பப் போடு. மணி என்ன ஆச்சுன்னு உள்ள போயி உன் போனைப் பாத்துட்டு வந்து முள்ளைத் திருப்பு. என்ன, கடைசி பஸ் போயிருச்சா? அடடா. அந்தச் செல்லை நாந்தானே கழட்டச் சொன்னேன், மறந்தே போச்சு பாரு.

ஆச்சிகிட்டச் சொல்லு, ராத்திரிக்கு ஒரு ஆள் கூடுதல்னு. கொழம்பு புதுக் கொழம்பான்னு மட்டும் கேட்டுராதே.